ஆஸ்திரேலியக் கோடைக்குப் போகிறீர்களா? வெயிலையும் கடலையும் சமாளிக்கும் முறை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. வெயில் பழகிய ஊரிலிருந்து போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். 25 டிகிரி, கடற்காற்று, லேசான மேகம் என்று இதமாக இருக்கும் நாளிலும் தோலைச் சுடும் கதிரின் அளவைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டிவிடும். அனல் தெரியாததால் நிழல் தேடத் தோன்றாது. தோல் எரிவது ராத்திரிதான் தெரியும். கருத்த தோலும் வெந்துபோகும்.

குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை என்பது அங்குள்ள விதி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதை அந்நாட்டு வானிலைத் துறை தினமும் ஊர்வாரியாகச் சொல்கிறது. கோடையில் பெரும்பாலும் காலை 9க்கு முன்பே தொடங்கி மாலை 5 வரை நீளும்.

சன்ஸ்கிரீன் பூசுவதில் எல்லோரும் செய்யும் தவறு, கஞ்சத்தனம். பெரியவர் ஒருவருக்கு ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, மார்புப் பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, முகம், கழுத்து, காது சேர்த்து ஒன்று. ஆக ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லி. 100 மில்லி டியூப் மூன்று தடவைக்குக்கூட வராது. ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 50+ பெரிய பாட்டிலாகவே கிடைக்கும். வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துடைத்ததும் மறுபடி பூசுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் கிரீம் வீணாகும். தொப்பி சுற்றிலும் விளிம்பு உள்ளதாக இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது.

வெயிலைவிட அவசர ஆபத்து கடல். உயிர்காப்பாளர்கள் சிவப்பு மஞ்சள் கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடியே இல்லாத கரையில் இறங்காதீர்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் கருமையாகத் தெரியும் இடம் பார்க்கச் சாதுவாக இருக்கும். அதுதான் பெரும்பாலும் 'ரிப்', ஆளை உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம். நீச்சல் தெரியாதவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் அங்கே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள், களைப்புதான் மூழ்கடிக்கும். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நீந்தலாம். அவசர எண் 000.

வடக்கு குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெல்லி மீன் காலம். ஜெல்லி மீன் வராமல் வலை கட்டிய இடத்திலும் உடல் முழுதும் மூடும் ஸ்டிங்கர் சூட் போட்டே இறங்குங்கள். கொட்டினால் 000ஐ அழைத்துவிட்டு, குறைந்தது 30 விநாடி வினிகரை ஊற்ற வேண்டும். பல கடற்கரைகளில் பாட்டிலே வைத்திருப்பார்கள். சிட்னிப் பக்கம் கொட்டும் 'புளூபாட்டில்' என்ற நீல நிற ஜெல்லி போன்ற உயிரிக்கோ வினிகர் கூடாது. ஒட்டிய இழைகளை எடுத்துக் கடல்நீரில் கழுவி, பொறுக்கும் அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைக்கவும்.

விமான நிலையத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊறுகாய், பால் இனிப்பு, விதை, மரச் சாமான் எதுவானாலும் வருகை அட்டையில் 'ஆம்' என்று குறித்துக் காட்டிவிடுங்கள். அனுமதியில்லாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகலாம். கறிவேப்பிலையை எடுத்துப் போகவே வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் என்பதால் நம் சார்ஜர் வேலை செய்யும். சாய்ந்த தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் மட்டும் வாங்குங்கள்.

கார் எடுத்து உள்நாட்டுப் பாலைப் பக்கம் போவதானால் அந்தி, விடியல் நேரத்தில் ஓட்டாதீர்கள். கங்காரு சாலையில் குதிக்கும். கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடையாது. தண்ணீரைத் தேவைக்கு மேலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்கத் தொடங்காமல் வண்டியருகே நிழலில் இருங்கள். தேடி வருகிறவர்களுக்கு மேலிருந்து கார்தான் தெரியும், ஆள் தெரியாது.