தெரிஞ்சிருக்கது வேற, அறிவு வேற: ரப்பர் மரம் சொல்லித் தந்தது

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் ரப்பர் உண்டு, வெட்டுக்கு (பால் எடுக்க பட்டைய கத்தியால சீவுறது) ஆள் கிடைக்காம நானே இறங்குன வருஷம் யூடியூப் வீடியோ எல்லாம் பாத்து முடிச்சிட்டேன், சாய்வு 30 டிகிரி, ஒரு வெட்டுக்கு பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போனா போதும், ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறுனா பால் குறையும்னு விடியுமுன்ன போகணும், கேட்டா மடமடன்னு சொல்லுவேன்.

ஒருநாள் ராத்திரி நல்ல மழை, காலைல விட்டாச்சு. பக்கத்து தோட்டத்துல வெட்டுற அண்ணன் மரத்துல உள்ளங்கைய வச்சு பாத்துட்டு "இன்னைக்கு வேண்டாம் மக்கா, பட்டை காயல"ன்னார். மழைதான் நின்னுட்டே அண்ணேன்னு நான் வெட்டுனேன். பால் மரத்துல கட்டுன சிரட்டைக்கு போகாம ஈரப்பட்டை வழியா நாலாபக்கமும் வழிஞ்சு தரைக்கு போச்சு, பதட்டத்துல ஒரு மரத்துல கத்தி பட்டைய தாண்டி உள்ள தடி வரைக்கும் இறங்கிட்டு. அந்த 30 டிகிரி எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும் (டிகிரின்னு சொல்ல மாட்டார், அவ்வளவுதான்), எப்பம் கத்திய எடுக்கக்கூடாதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்து.

சரி, அந்த மாதிரி அறிவ எப்படி வளக்குறது? முதல்ல கேக்குற கேள்விய மாத்துங்க. "எப்படி செய்யணும்"னு கேட்டா வீடியோல உள்ளதத்தான் சொல்லுவாங்க, "எப்பம் செய்ய மாட்டீங்க"ன்னு கேளுங்க, சரக்கு அங்கதான் இருக்கு. வள்ளுவர் 40ல கல்வி, 43ல அறிவுடைமைன்னு வச்சவர் இடையில 42ஆவது அதிகாரத்த கேள்விக்கு குடுத்திருக்கார், காதால கேக்குற கேள்வி, நாம ஸ்கிப் பண்றதும் அதத்தான்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்க. வேலைக்கு முன்ன என்ன நடக்கும்னு நினைக்கீங்களோ அது ஒரு வரி, சாயங்காலம் என்ன நடந்துதுன்னு அடுத்த வரி. எனக்க நோட்டுல முத மாசம் பாதிக்கு மேல தப்பு, வெக்கமாத்தான் இருந்து. வெறும் "மழை"ன்னு எழுதுனா பத்தாது, எத்தன மணிக்கு விட்டுது, பட்டை கைக்கு எப்படி இருந்துது, அதெல்லாம் வேணும்.

வயசானவங்க சொன்னா எல்லாம் சரின்னும் இல்ல, "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்"ங்கிறது பெரியவங்களுக்கும் சேத்துத்தான். ஜனவரி பிப்ரவரில இலை உதுந்து நிக்கிற மரத்தயும் விடாம வெட்டுறவங்க உண்டு, அத முப்பது வருஷமா செஞ்சாலும் அனுபவம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஏன்னு மரியாதையா ஒருதடவ கேளுங்க, காரணம் சொன்னா எடுத்துக்கோங்க, "நாங்க எத்தன வருஷமா பாக்கோம்"னா சிரிச்சிட்டு வந்துருங்க.

எனக்க கத்தி தடியில பட்ட இடம் பிறகு முண்டா புடைச்சிட்டு, புதுப்பட்டை வந்தும் சமமாகல, இப்பவும் அந்த மரத்துக்கு வந்தா கத்தி அங்க ஒருதடவ தட்டும்.