பழைய இங்கிலாந்துச் சைக்கிளை வாங்கி, அன்றாடப் பயணத்துக்குச் சீராக்குதல்

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரையான சுண்ணக்கல் நிலம். ஏற்றம் என்று சொல்லத்தக்க வீதி இங்கே இல்லை. கொக்குவிலிலிருந்தோ நல்லூரிலிருந்தோ நகரத்துக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு நல்ல சைக்கிள் ஒன்று போதும் என்பதை எங்கள் பெற்றோரின் தலைமுறை அறிந்திருந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்களும் அதை மறுபடி அறிந்துகொண்டோம். அப்போது கொட்டில்களிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பழைய றலி, ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் பல, பெற்றோல் வந்ததும் திரும்பவும் கொட்டிலுக்கே போய்விட்டன. அவற்றில் ஒன்றை வாங்கி, காட்சிக்கு நிறுத்தாமல் நாள்தோறும் ஓட விரும்புபவருக்காகவே இதை எழுதுகிறேன். பூச்சிலும் பளபளப்பிலும் பணத்தைச் செலவிடும் முன், சில்லும் பெடலும் பிறேக்கும் பிழையின்றி இயங்கும்படி செய்யவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தகைய வண்டிகள் கடைகளில் வரிசையாக நிற்பதில்லை. வெளிநாடு சென்றவர்களின் வீட்டுப் பின்புறங்களிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் முதலியோரின் விறாந்தைகளிலும், பழைய இரும்பு வாங்குபவர்களிடமும், ஊர்ச் சைக்கிள் கடைகளின் மூலைகளிலும் அவற்றைத் தேடவேண்டும். ஊர்ச் சைக்கிள் கடைக்காரரிடம் முதலில் கேட்பதே நல்லது. எந்த வீட்டில் எந்த வண்டி, எந்த நிலையில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தந்தையோ பேரனாரோ ஓடிய வண்டியை விற்கும் வீட்டாரிடம் அதைப் பழைய இரும்பென்று குறைத்துப் பேசி விலை கேட்கக்கூடாது. “ஐயா, நான் இதைத் திருத்தி ஓடத்தான் கேட்கிறன்” என்று உண்மையைச் சொன்னால், இரும்புக்காரருக்குக் கொடுக்க மனம் வராதவர்கள்கூட இசைவார்கள். வாங்கும்போது பிறேமில் பொறிக்கப்பட்ட இலக்கத்தைக் குறித்து, விற்பவரின் கையொப்பத்துடன் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

முதலில் பார்க்கவேண்டியது அளவு. பெடல் அச்சின் (இரு கிராங்குகளையும், அதாவது பெடல் கைகளையும், இணைக்கும் நடு அச்சு) நடுவிலிருந்து சீற் குழாயின் மேல் விளிம்பு வரையுள்ள நீளமே பிறேமின் அளவு. ஆண்களுக்கான பழைய வண்டிகள் பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குலமாக இருக்கும். மேல் பாரின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது உடலுக்கும் பாருக்கும் இடையில் சிறிதேனும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், கஸ்தூரியார் வீதி நெரிசலில் திடீரென்று நிறுத்தி இறங்க வேண்டிய ஒருவருக்கு அது ஆபத்தானது.

அடுத்தது பிறேம். 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காதிருந்தபோது, விறகும் நெல் மூட்டையும் மண்ணெண்ணெய்க் கலன்களும் இந்த வண்டிகளில்தான் கொண்டுசெல்லப்பட்டன; 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, வீட்டுப் பொருட்களையும் நடக்க இயலாத முதியவர்களையும் சுமந்தவையும் இவைதான். ஆகவே எங்கள் ஊர்ப் பழைய வண்டி ஒன்றைப் பார்க்கும்போது, அது தன் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கியிருக்கலாம் என்று எண்ணியே ஆராயவேண்டும். பின் அச்சைத் தாங்கும் குழாய்களிலும், சீற்றுக்குக் கீழே குழாய்கள் சேரும் பொருத்துகளிலும் பிற்காலத்து ஒட்டுவேலைத் தடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஹாண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல் பாரிலும் கீழ்க் குழாயிலும் பூச்சு சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால், வண்டி முன்பக்கமாக எங்கோ மோதியிருக்கிறது, அதை வாங்கக்கூடாது. பிறேம் நேராக இருக்கிறதா என்பதை ஒரு நூலைக் கொண்டே அறியலாம். பின் அச்சு பொருந்தும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டி, அதை ஹாண்டில் குழாயின் முன்னால் சுற்றி, மறுபக்கத்துப் பின் அச்சு இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையேயுள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிறேம் நேரானது. ஹம்பரின் சிறந்த வகைகளில் முன்போர்க் (முன் சில்லைத் தாங்கும் கவை) ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைக் குழாய்களால் ஆனது. அது வளைந்திருந்தால் மாற்றுப் பாகம் தேடுவது மிகக் கடினம்.

துருவை அளவிடுவதில் பொறுமை வேண்டும். மேலோட்டமான செந்நிறத் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போய்வந்த வண்டிகளிலும், கரையோர ஊர்களில் நின்ற வண்டிகளிலும் உப்புக்காற்று உள்ளிருந்து அரிக்கிறது என்பதே கவலைக்குரியது. சீற்றைத் தண்டோடு கழற்றி, ரோர்ச் வெளிச்சத்தில் குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது பெடல் அச்சுப் பகுதியில்தான். அதன் அடியை நாணயத்தால் தட்டும்போது கணீரென்ற ஓசைக்குப் பதிலாக மங்கலான ஓசை எழுந்தால், இரும்பு மெலிந்துவிட்டது என்று ஐயுறலாம்.

சில்லைப் பொறுத்தவரை, கம்பிப் பிறேக் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் பிறேக்) உள்ள பழைய வண்டிகள் 28 × 1½ ரயரைக் கொண்டவை. இந்தியாவில் செய்யப்படும் பெரிய சைக்கிள்களும் இதே அளவையே பயன்படுத்துவதால் ரயரும் ரியூப்பும் இன்றும் கிடைக்கின்றன. வளைந்த ஹாண்டில் உள்ள றேசர் வண்டியில் நாட்டமுள்ளவர் இங்கே கவனமாக இருக்கவேண்டும்: பழைய றேசர்களின் 27 × 1¼ ரயரும் இக்காலத்து 700சி ரயரும் ஒன்றல்ல. றிம்மை 700சி ஆக மாற்றினால் பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே எட்டவேண்டும். பிறேக்கின் கைகள் அவ்வளவு நீளமா என்று அளந்த பிறகே விலை பேசுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும், கழற்றும் முன் எல்லாப் பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். இடது பெடலின் புரி இடப்புரி (வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்) என்பதை மறந்து எதிர்ப்பக்கமாக இறுக்கிக் கிராங்கைக் கெடுத்தவர்கள் பலர். பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் (போல்ஸ் எனப்படும் உருக்குக் குண்டுகள் உருளும் கிண்ணம்) இடப்புரியே; அது பழுதில்லாவிட்டால் கழற்றாமல் அப்படியே துடைத்துவிடுவது சிறந்தது. மாற்ற வேண்டி வந்தால், பழைய கப்பைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நொற்றிங்ஹாமில் செய்யப்பட்ட றலியின் புரி ஓர் அங்குலத்துக்கு 26. பிற இங்கிலாந்து வண்டிகளில் அது 24. ஒன்றை மற்றதில் பலவந்தமாகத் திருகினால் பிறேமின் புரியே அழிந்துவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு போன்ற கொட்டர் பின். சுத்தியலால் நேரடியாக அடித்தால் பின் வளையும். அடியின் வேகம் உள்ளேயுள்ள போல்ஸ்களையும் கப்பையும் பொளிக்கும். கிராங்கின் அடியில், பின் வெளியேறுவதற்கு இடம்விட்டு, ஓர் இரும்புக் குழாய்த் துண்டை நிலத்திலிருந்து முட்டுக்கொடுங்கள். நட்டைப் பின்னின் நுனியோடு சமமாகும்வரை தளர்த்தி வைத்து, உறுதியான ஒரே அடியாக அடிக்கவேண்டும். மெல்லிய பல அடிகள் தீமையே செய்யும். அழுத்திக் கழற்றும் கருவி சைக்கிள் கடையில் இருந்தால் அங்கே கொண்டுபோவதே மேல். புதிய பின் வாங்கும்போது விட்டத்தை அளந்து பாருங்கள்: றலியில் 9.5 மில்லிமீற்றர், வேறு சில வண்டிகளில் 9.

போல்ஸ்களைக் கழுவித் திரும்பப் போடுவது வீண் சிக்கனம். பெடல் அச்சில் பெரும்பாலும் பக்கத்துக்குப் பதினொன்றாக கால் அங்குல போல்ஸ்களும், முன் சில்லில் பக்கத்துக்குப் பத்தாக 3/16 அங்குல போல்ஸ்களும் இருக்கும். எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். கோனில் (போல்ஸ்களை உள்ளிருந்து தாங்கும் கூம்பு) குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். எங்கள் உப்புக்காற்றுக்குப் படகு இயந்திரங்களுக்கு இடும் கிறீஸ் மிகப் பொருத்தமானது. கோனைச் சரியாக இறுக்கியதற்கு அடையாளம் ஒன்று உண்டு: தூக்கிப் பிடித்த சில்லு, வால்வின் பாரத்தால் தானாகவே சுழன்று வால்வு கீழே வந்து நிற்கவேண்டும், ஆனால் றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது.

பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் ஸ்ரேமி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். ஏ.டபிள்யூ. என்ற வகை 1936இல் வந்தது; ஹப்பின் மேலுள்ள இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். 66 என்றிருந்தால் 1966. சில்லு பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அது வண்டியின் வயதுக்கு முடிவான சான்றாகாது. பல ஆண்டுகள் நின்ற ஹப்புக்குப் பெரும்பாலும் மெல்லிய எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். சமையல் எண்ணெய் விட்டால் உள்ளே பசையாகிவிடும். நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளையால் பாருங்கள். கியரை இழுக்கும் சிறு சங்கிலியோடு சேர்ந்த உட்கம்பியின் முனை அச்சின் நுனியோடு சமமாக நிற்கவேண்டும். அது பிழைத்தால் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கிடையில் பெடல் திடீரென்று வெறுமையாகச் சுழலும். எழுந்துநின்று மிதிப்பவர் விழுவார்.

ஒற்றைக் கியர் வண்டிக்கு முன்பல் 48, பின்பல் 18 என்ற அமைப்பு காற்றில்லாத நாளுக்கு நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தைக் கடப்பவருக்கு அது பாரமாக இருக்கும். பின்பல்லை 20 ஆக்கினால் மிதிப்பது பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். செயினில் பன்னிரண்டு அங்குலமாக இருக்கவேண்டிய இருபத்து நான்கு கண்ணிகள் 12⅛ அங்குலம் நீண்டிருந்தால் செயினையும் பின்பல்லையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கம்பிப் பிறேக் குறித்து ஒளிவின்றிச் சொல்லவேண்டும். இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் மிகவும் தாமதித்தே பிடிக்கும். மாரியில் வழமையைவிட இரண்டு மடங்கு தூரத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குவதும், றிம்மைத் துடைத்துத் துருவின்றி வைத்திருப்பதும் கட்டாயம். றிம் பக்கவாட்டில் ஆடாதபடி சில்லின் கம்பிகளை இறுக்கிய பின், கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் விடுங்கள்.

பூச்சைப் பற்றி என் தீர்ப்பு கடுமையானது: முழுதாக உரித்துப் புதுப்பூச்சு அடிக்காதீர்கள். தொழிற்சாலையில் கையால் இழுத்த தங்கக் கோடுகளையும் முத்திரையையும் எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சவர்க்கார நீரால் கழுவி, துருப்பிடித்த இடங்களை மட்டும் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சும் மெழுகும் இட்டால் போதும். குறோம் பாகங்களை, நீரில் நனைத்துக் கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தால் கீறலின்றித் துரு நீங்கும். சீற் குழாய் வழியாகச் சிறிது என்ஜின் எண்ணெயை ஊற்றி, பிறேமை எல்லாப் பக்கமும் சரித்து வடியவிடுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. எனினும் வண்டியின் ஆயுளை அதுவே நீட்டும். புறூக்ஸ் தோல் சீற் எஞ்சியிருந்தால், தோல் மெழுகை அடிப்பக்கத்திலும் தடவுங்கள். தேங்காயெண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்துவிடும்.

டைனமோ விளக்கோ மின்கல விளக்கோ முன்னும் பின்னும் இல்லாமல் இரவில் காங்கேசன்துறை வீதியில் இறங்கக்கூடாது. சீராக்கிய வண்டியை முதல் வாரத்தில் அண்மைத் தூரங்களுக்கே ஓடுங்கள். புதிய கொட்டர் பின்கள் அந்த நாட்களில் சற்றுத் தளர்வது இயல்பு. ஸ்பனரைக் கூடவே கொண்டுசென்று, கிராங்கில் டக்கென்ற ஓசை கேட்டவுடன் இறங்கி நட்டை இறுக்குங்கள். அந்த ஆட்டத்தோடு தொடர்ந்து மிதித்தால் பின்னோடு கிராங்கின் துளையும் தேய்ந்துபோகும்.