படைவீரர் செய்தி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கமெல்லாம் படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள் செய்தியை மட்டும் எழுத இப்போது இளம் நிருபர்கள் நிறைய பேர் வந்திருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகள் அப்படியே திரும்ப அச்சேறுவதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. பெயரில் எழுத்துப்பிழை, ஊர் மாறிப்போவது போன்றவற்றை அலுவலகத்தில் செய்தியைத் திருத்துகிற டெஸ்க் பார்த்துக்கொள்ளும். டெஸ்க் கண்ணிலும் படாமல் தப்பி வருகிறவை இவை.

சீருடை போட்டவர் எல்லாம் ராணுவம்

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் (எல்லைக் காவல் படை), சிஐஎஸ்எஃப் எல்லாம் துணை ராணுவம்; உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த 40 பேரும் சிஆர்பிஎஃப்காரர்கள். இன்றுவரை 'ராணுவ வீரர்கள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்த துணை ராணுவத்தினர் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். முப்படையினர் பழைய திட்டத்திலேயே தொடர்ந்தார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பார்ப்பதும் முப்படையில் இருந்தவர்களைத்தான். 'எல்லைக் காவலர்களும் வரலாம்' என்று நீங்களாகச் சேர்த்து எழுதிய குறைதீர் கூட்டத்துக்கு, வேதாரண்யத்திலிருந்து பஸ் பிடித்து நாகை கலெக்டர் ஆபீஸ் வரை வந்து, 'உங்க மனுவை இங்க வாங்க மாட்டோம்' என்று கேட்டுத் திரும்புகிற மனிதருக்குத் தெரியும் என்ன கெட்டுப்போகிறது என்று.

ரேங்க்

சுபேதார் மேஜர் வேறு, மேஜர் வேறு. கடற்படையில் கேப்டன் என்றால் ராணுவத்தில் கர்னலுக்குச் சமம். ஹானரரி (கௌரவ) கேப்டனை வெறும் கேப்டன் ஆக்கினால் முதலில் போன் போட்டுத் திட்டுவது அவரேதான்.

இறுதிச் சடங்கன்றே பென்ஷன் கணக்குப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வரும். அங்கிருந்து ஆம்புலன்ஸ் தஞ்சாவூர் தாண்டி ஊருக்குள் நுழைவதற்குள் செய்தி போயாக வேண்டும். வீட்டு வாசலில் யாரும் பேசுகிற நிலையில் இருக்க மாட்டார்கள். நிருபர் டீக்கடைக்குப் போவார். அங்கே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், நல்ல மனசோடு, 'கவலையே இல்ல தம்பி, முழுச் சம்பளமும் பென்ஷனா வந்துடும்' என்பார். அது மறுநாள் கடைசிப் பத்தியாக வந்துவிடும்.

நடைமுறை அப்படி இல்லை. பணியில் இருக்கும்போது நேரும் மரணத்தை, ஓய்வூதியத்துக்காக ஏ முதல் ஈ வரை (ஆங்கில A முதல் E வரை) ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். பணிக்குத் தொடர்பில்லாத இயற்கை மரணம் ஏ. பணியால் வந்த அல்லது பணியால் மோசமான நோய் பி. கடமையின்போது நேர்ந்த விபத்து சி. தீவிரவாதிகள் போன்றோரின் தாக்குதலில் இறப்பது டி. போர், எதிரி நடவடிக்கை போன்றவை ஈ. ஏ என்றால் சாதாரண குடும்ப ஓய்வூதியம்: கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், முதல் 10 ஆண்டுகளுக்கு மட்டும் 50 சதவீதம். பி, சி என்றால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், 60 சதவீதம். டி, ஈ என்றால்தான் லிபரலைஸ்டு பென்ஷன், அதாவது கடைசிச் சம்பளம் முழுசும். கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால், அகவிலைப்படி சேர்க்காமல், மாதம் 15,000-க்கும் (முதல் 10 ஆண்டுகள் 25,000) 30,000-க்கும் 50,000-க்கும் உள்ள வித்தியாசம். எந்த வகை என்று முடிவாக யூனிட்டின் விசாரணை, மருத்துவ அறிக்கை எல்லாம் முடிய வேண்டும். பாடை கிளம்புவதற்கு முன்னால் அது டீக்கடையில் எப்படித் தெரியும்?

ஒரத்தநாடு பக்கம் ஒரு வீடு. பையன் முகாமில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். ஒரு நாளிதழில் 'முழு ஊதியமும் ஓய்வூதியமாகக் கிடைக்கும்' என்று வந்தது. அவனுடைய அப்பா அந்தத் துண்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். பென்ஷன் வந்தபோது பாதிதான் வந்தது. பெரியவர் நல அலுவலகத்துக்கு வந்து, லேமினேஷனை மேஜைமேல் வைத்து, "பேப்பர்லயே போட்டிருக்கானுவ, நீங்க இல்லங்கிறீங்களே" என்றார். கிளார்க் பொறுமையாகத்தான் சொன்னார். பெரியவர் காதில் ஏறவில்லை. மீதிப் பணத்தை மருமகள் தன் அம்மா வீட்டுக்கு அனுப்புகிறாள் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் பாஸ்புக்கை விரித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டு நின்றாள். மாமனார் பாஸ்புக்கைப் பார்க்கவே இல்லை, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவள் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். எழுதிய நிருபர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு அது நாலு வரிச் செய்தி.

தலைகீழாகவும் நடக்கும். பணி வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து இறந்தவரை 'சாலை விபத்தில் பலி' என்று எழுதி முடித்துவிட்டால், தங்களுக்கு ஒன்றும் சேராது என்று குடும்பமே நினைத்துவிடும். சாதாரண பென்ஷன் வந்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். வகையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது என்றெல்லாம் அவர்களுக்கு யார் சொல்வது?

அதனால் முதல் நாள் செய்தியில் பென்ஷன் பேச்சே வேண்டாம். 'இறந்த சூழல் குறித்து விசாரணை நடக்கிறது' என்ற வரி போதும். சில மாதம் கழித்துப் போய், பென்ஷன் ஆணையில் எந்த வகை போட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான செய்தி அனேகமாக அப்போதுதான் கிடைக்கும்.

21 குண்டுகள் முழங்க

இறுதிச் சடங்குச் செய்தியில் இப்படி எழுதுகிறோமே, எண்ணிப் பார்த்தீர்களா? 21 என்பது குடியரசுத் தலைவர் போன்றோருக்கு பீரங்கியால் செலுத்தும் மரியாதை. ஊரில் நடப்பது துப்பாக்கி மரியாதை.

அக்னிவீரர்

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் முப்படையில் சேர்கிறவர்கள். நாலு வருடப் பணி; அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்லை. அவர்களை முன்னாள் படைவீரர் பட்டியலில் சேர்த்து, ராணுவ கேன்டீன் கார்டு ஆசையை நீங்கள் காட்ட வேண்டாம்.

லீவில் வந்தவர் வாயைக் கிளறுவது

ஊர்த் திருவிழாவுக்கு வந்த பையன் மைக்கைப் பார்த்ததும் யூனிட், இடம், சாப்பாடு, அதிகாரி என்று எல்லாம் பேசிவிடுவான். பணி சம்பந்தமாகப் பத்திரிகையிடம் பேச முன் அனுமதி வேண்டும் என்று ராணுவ விதி 21 சொல்கிறது. உங்களுக்கு வியூஸ், அவனுக்கு விளக்கக் கடிதம்.

இதோடு இன்னொன்று. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர் விமான அணி இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்காக எத்தனை விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று மொட்டைமாடியிலிருந்து லைவ் போடுவது செய்தி ஆகாது. படை நகர்வை நேரலையாகக் காட்டக் கூடாது என்று 2025 ஏப்ரலில் ஊடகங்களுக்கு அரசு அறிவுறுத்தியதும் இதைத்தான்.

ஐஎன்ஏ

மலேயாவுக்குப் பிழைக்கப் போன நம் பக்கத்து ஆட்களில் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்தார்கள். அவர்களுக்கான ஓய்வூதியம் சுதந்திரப் போராட்ட வீரர் கணக்கில் வருவது. பாதுகாப்புத் துறை பென்ஷனோடு குழப்பாதீர்கள்.

ஆவணத்தைப் படம் பிடிப்பது

பென்ஷன் ஆணையைக் கையில் கொடுத்து, 'கொஞ்சம் தூக்கிப் பிடிங்க ஐயா' என்று எடுக்கிற படம். பெரிதாக்கினால் ஆணை எண், வங்கிக் கணக்கு, பிறந்த தேதி மூன்றும் தெரியும். நவம்பரில், உயிர்ச்சான்று கொடுக்கிற சமயத்தில், 'ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறை பென்ஷனுக்கான ஆன்லைன் அமைப்பு) ஆபீஸிலிருந்து பேசுகிறோம்' என்று வருகிற மோசடிப் போன்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தாளை மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது ஆளை மட்டும் எடுங்கள்.