வியோனியே ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: 'இனிப்பு' என்று எழுதும் முன்

வியோனியே, அதே பெயர்த் திராட்சையில் செய்யும் மணமிக்க வெள்ளை ஒயின். முதல் தடவை அதில் ஆறு புட்டிகளை வரிசையாக வைத்துச் சுவைத்தபோது, நாலுக்கு நேரே 'இனிப்பு' என்று எழுதிவைத்தேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் ஆறுமே டிரை, அதாவது சர்க்கரை அநேகமாக இல்லாதவை. மானம் போயிற்று.

1. குளிர். 10–12 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் அடங்கிப்போகும், அடியில் கிடக்கும் கசப்பு மட்டும் துருத்தும். ரொம்ப வெதுவெதுப்பானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். இந்தத் திராட்சை ஒயினில் 14 சதவீத ஆல்கஹால் சர்வசாதாரணம்.

2. மறைப்பு. புட்டிகளைக் காகிதத்தில் சுற்றி எண் போடுங்கள், அதையும் வேறொருவர் செய்யட்டும். ஓக் பீப்பாய் பார்த்தவை கடைசியில். வாய் குறுகிய துலிப் கோப்பைதான் என் கட்சி. அகன்ற கோப்பை அழகுக்கு.

3. மூக்கு. ஆப்ரிகாட், பீச், ஹனிசக்கிள், ஆரஞ்சுப் பூ. சுழற்றும் முன் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை.

4. வாய். நான் சறுக்கியது இங்கேதான். பழவாசம் வந்ததும் மூளை சர்க்கரையைத் தானே சேர்த்துக்கொள்கிறது. ஆல்கஹாலுக்கே லேசான இனிப்பு உண்டு, புளிப்பும் குறைவு, எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இனிப்பு காணாமல் போனால் அது வாசனை. நாக்கில் நின்றால் சர்க்கரை. அப்புறம் மூக்கை விடுங்கள், பழம் திரும்பி வருவது தெரியும்.

5. மதிப்பெண். வியோனியேவில் மணம் தாமதமாகத்தான் திரளும். அதற்குள் சர்க்கரை ஏறிவிடும், புளிப்பு இறங்கிவிடும். அவசரப்பட்டுப் பறித்தால் மணமே இல்லை. காத்திருந்தால் கனத்து, காரமாகி, தொய்ந்துவிடும். புதிய பிரதேசத்து ஒயினில் நான் தேடுவது, பறிக்கும் நாளைப் பிடித்தார்களா என்பதை. மணமும் புளிப்பும் ஒருசேர இருந்தால் தாராளமாகப் போடுவேன். ஓக் வாசம் பழத்தை மூடினால் வெட்டுவேன்.

வியோனியேவின் பிரெஞ்சுத் தாயகமான கோன்ட்ரியூவின் ஒயின் மாதிரி இல்லையே என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். 1960களில் அந்தத் தாயகத்திலேயே இது சில ஹெக்டேர்களுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் யலும்பா ஒயின் நிறுவனம் இதை நட்டது 1980இல். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் தன் அடையாளத் திராட்சையாக அறிவித்தது 2011இல். கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லேபிளில் அறுவடை ஆண்டையும் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்க வேண்டியவை.

பின்சேர்க்கை: 'நாலாவது கோப்பைக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், அத்தனையையும் விழுங்கியிருக்கிறார். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வேண்டும் என்று நான்தான் சொல்ல மறந்துவிட்டேன்.