குளோசரை எப்போது இறக்குவது: ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு முன்பே யோசியுங்கள்

பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டில் புதிதாக அணி நடத்துபவர்களுக்கான முறை இது. குளோசர் என்பவர் நெருக்கமான ஆட்டத்தின் முன்னிலையைக் காக்க, வழக்கமாகக் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் இறக்கப்படும் சிறந்த மாற்றுப் பந்துவீச்சாளர்.

1. முதலில் 'சேவ்' கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று ரன் வரையிலான முன்னிலையில் கடைசி இன்னிங்ஸை வீசி முடித்தால் கிடைப்பது சேவ். 1969 முதல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரம். குளோசரை ஒன்பதாவதிலேயே கட்டிப்போட்டது இந்தக் கணக்குதான்.

2. நெருக்கடியை அளவிடுங்கள். அதற்கு 'லெவரேஜ் இண்டெக்ஸ்' போதும்: ஒரு தருணம் ஆட்டத்தின் முடிவை எவ்வளவு மாற்றக்கூடும் என்று காட்டும் எண் அது. சராசரித் தருணம் 1. ஒன்பதாவது தொடக்கத்தில் மூன்று ரன் முன்னிலை என்றால் மதிப்பு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு ரன் முன்னிலை என்றால் 3-ஐ நெருங்கும். ஏழாவதில் ஒரு ரன் முன்னிலை, மூன்று பேஸிலும் ஓட்டக்காரர்கள் நிறைந்து, எதிரணியின் சிறந்த பேட்டர் வருகிறார் என்றால் அதைவிடவும் ஏறும். அங்கேயே இறக்குங்கள். 2016 பிளேஆஃபில் (வழக்கமான பருவத்துக்குப் பின் வரும் சாம்பியன்ஷிப் சுற்றுகள்) கிளீவ்லாண்ட் அணி தன் சிறந்த ரிலீவர் (மாற்றுப் பந்துவீச்சாளர்) ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸில்கூட இறக்கியது.

3. வெளியூர் மைதானத்தில் சமநிலை. பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். சொந்த மைதானம் என்றால் சிக்கல் இல்லை: ஒன்பதாவதில் சமநிலையானபின் சேவுக்கு வாய்ப்பே கிடையாது, அதனால் எல்லோரும் குளோசரை அனுப்பிவிடுகிறார்கள். வெளியூரிலோ, முன்னிலை வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஆனால் அங்கே சொந்த அணிதான் கடைசியில் பேட் செய்யும், அதனால் ஒன்பதாவதிலோ அதற்குப் பிறகோ ஒரு ரன் விட்டாலே ஆட்டம் முடிந்தது. 2016 அக்டோபர் 4, டொராண்டோவில் பிளேஆஃப் ஆட்டம். வெளியூர் அணியான பால்டிமோரின் குளோசர் ஜாக் பிரிட்டன் அந்த ஆண்டு 47 வாய்ப்பில் 47 சேவ் எடுத்தவர், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 0.54. அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. பதினோராவதில் டொராண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் அடித்த மூன்று ரன் ஹோம் ரன், 5-2, பால்டிமோரின் பருவமே முடிந்தது. சமநிலையில் சிறந்தவரை வீசவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று ரன் முன்னிலை கிடைத்தால் அதை அடுத்த நிலை ரிலீவர் காப்பார்.

4. முன்கூட்டியே தயார்படுத்துங்கள். பேஸ்கள் நிறைந்தபின் புல்பென்னுக்கு (ரிலீவர்கள் பயிற்சி வீசித் தயாராகும் இடம்) போன் செய்தால் கை சூடாவதற்குள் பந்து வேலிக்கு அப்பால் போயிருக்கும். முதல் ஆள் பேஸில் ஏறும்போதே வீசத் தொடங்கட்டும். சும்மா எழுப்பி உட்கார வைத்தாலும் கை களைக்கும், அந்த நாளையும் கணக்கில் சேருங்கள். தொடர்ந்து மூன்றாவது நாள் வேண்டாம்.

பின்சேர்க்கை: 2020 முதல் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். எனவே வரப்போகும் மூன்று பேரையும் பார்த்து முடிவெடுங்கள். வழக்கமான பருவத்தில் பத்தாவதிலிருந்து இரண்டாம் பேஸில் ஓட்டக்காரருடன் இன்னிங்ஸ் தொடங்குகிறது. பந்து மட்டையில் பட்டாலே ஓட்டக்காரர் நகர்ந்துவிடலாம் என்பதால், அங்கே ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவரே என் முதல் தேர்வு. பிளேஆஃபில் இந்த இரண்டாம் பேஸ் ஓட்டக்காரர் விதி இல்லை.