தெரேசாவின் ஒறுத்தல் மணிகள்: கோர்க்கும்போது செய்யக்கூடாதவை

அக்டோபர் 1, பிரான்சு நாட்டுப் புனிதையான சிறுமலர் தெரேசாவின் திருநாள். அதையொட்டி எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒறுத்தல் மணிகள், அதாவது செய்த சிறு சிறு தியாகங்களை எண்ணும் மணிக்கயிறு, கோர்ப்போம். புதிதாக வந்த ஆசிரியர்கள், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். மணி சிதறுவது, நூல் சிக்குவது எல்லாம் எந்த வகுப்பிலும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டு நுனியையும் ஒரே பக்கமாக நுழைப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கயிற்றில் பத்து மணி, ஒரு முனையில் தெரேசா பதக்கம், மறுமுனையில் சிலுவை. தம்பிக்கு விட்டுக்கொடுத்தாலோ, முணுமுணுக்காமல் ஒரு வேலை செய்தாலோ பிள்ளை ஒரு மணியை நகர்த்தும். நகர்த்திய மணி அங்கேயே நிற்க வேண்டும். அதற்குத்தான் கயிற்றை இரண்டாக மடித்து, ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு நுனியை இடமிருந்தும் மற்றதை வலமிருந்தும் எதிரெதிராக நுழைக்கிறோம். அந்த உரசல்தான் மணியைப் பிடித்து நிறுத்துகிறது.

அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே பக்கமாக இழுத்துவிடுகிறார்கள். மேசையில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த ஞாயிறு ஒரு பையன் வந்து நிற்பான்: “டீச்சர், பாக்கெட்டுக்குள்ள எல்லா மணியும் ஓடிப்போச்சு. எத்தனை பண்ணினேன்னே தெரியல.” சிலுவையைக் கட்டி முடிச்சுக்குப் பசையும் வைத்தபிறகு பிரிக்க முடியாது. கயிற்றை வெட்டி எறிய வேண்டியதுதான். வகுப்பு முழுக்க அப்படியென்றால் ஒரு ஞாயிறே போச்சு.

நுனிகளுக்கு வேறு வேறு நிறத்தில் நகப்பூச்சு தடவுங்கள். நுனி விறைப்பாகி எளிதில் நுழையும். சிவப்பு இடம், நீலம் வலம் என்று பிள்ளைக்கும் குழப்பம் வராது. வழுக்கும் நைலான் வேண்டாம், மெழுகு பூசிய பருத்திக் கயிறு நல்லது. மணித்துளையில் இரண்டு இழை இறுக்கமாக நுழைகிறதா என்று கடையிலேயே ஒரு மணியைப் போட்டுப் பாருங்கள். அப்புறம், கடைசி முடிச்சுக்குமுன் மூன்று, நான்கு செ.மீ. கயிற்றை வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் மணி எங்கே நகரும்?

தெரேசாவின் கதையைக் கன்னிமடத்தில் தொடங்குவது

தெரேசா லிசியே ஊரின் கார்மேல் கன்னிமடத்தில் சேர்ந்தது 1888-இல், 15 வயதில். இந்த மணிகள் அதற்கு வெகுமுன், அலான்சோன் ஊரில் இருந்த வீட்டில் வந்தவை. அக்காள் மரி கொடுத்தது. நாலு வயதுச் சிறுமி மணியை நகர்த்த ஒரு நாளைக்கு நூறு தடவை பாக்கெட்டுக்குள் கையை விடுகிறாள் என்று அம்மா செலி கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த அம்மா 1877-இல் இறந்துபோனார். நம் பிள்ளைகளுக்கு மடத்துச் சகோதரியைவிட இந்த நாலு வயதுக்காரியைத்தான் உடனே பிடிக்கும்.

கழுத்தில் மாட்டிவிடுவது

இது ஜெபமாலையும் இல்லை, நகையும் இல்லை. பாக்கெட்டில் கிடக்கட்டும்.

அதிக மணி நகர்த்தியவருக்குப் பரிசு

வேண்டவே வேண்டாம். பரிசு என்றதும் கோயில் வாசலிலேயே பத்தையும் நகர்த்திவிட்டு உள்ளே வருவார்கள்.