டெர்மாபிளேனிங்: பிளேடு படுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

டெர்மாபிளேனிங் என்பது முகத்தைச் சவரம் செய்வதுதான். பார்லர் விலைப்பட்டியலில் பேஷியல் வரிசையில் இருப்பதாலும், பெயர் பெரிதாக இருப்பதாலும் இதை ஏதோ ஆழமான சிகிச்சை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்களின் சவரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் செய்முறையில் இருக்கிறது. இங்கே சோப்பு நுரை கிடையாது. ஈரமில்லாத தோலை இழுத்துப் பிடித்து, பிளேடைச் சுமார் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன இழுப்பாகச் சுரண்டுவார்கள். கிளினிக்கில் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் 10-ஆம் எண் ஸ்கால்பெல் பிளேடு; வீட்டில் புருவ ரேசர். பூனை முடியோடு தோலின் உச்சியில் படிந்திருக்கும் செத்த செல்களும் சேர்ந்து வரும். பிளேடில் மாவுபோல் வெள்ளையாக ஒட்டுவது அதுதான். வேலை 20 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும், சரியாகச் செய்தால் வலிக்காது.

முடி வேரோடு வராது. அந்தச் செத்த செல் படலமும் வெறும் அழுக்கு அல்ல, தோலுக்கு மூடி போன்றது. இந்த இரண்டில் ஒன்றை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எந்த முடி என்று பார்க்காமல் உட்காருவது

கன்னத்திலும் நெற்றியிலும் இருக்கும் பூனை முடி மெல்லியது, தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு, நிறமும் அதிகம் இருக்காது. டெர்மாபிளேனிங் இதற்குப் பொருத்தமானது. மோவாயில் ஊசிபோல் குத்தும் கறுப்பு முடிக்கு இது சரிவராது. வழித்த இரண்டாம் நாளே சொரசொரவென்று தட்டுப்படும், தோலுக்கடியில் பச்சை நிழல் தெரியும். மோவாய், மேலுதடு, கழுத்து ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்ந்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குள் திடுமென முடி அதிகமாகி, குரலும் கட்டையானால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். ஹார்மோன் கோளாறுக்குப் பிளேடு பதில் சொல்லாது.

இதற்கு நேர் எதிரான தவறு, பூனை முடிக்கு லேசர் செய்துகொள்வது. லேசர் முடியின் கறுப்பு நிறமியைத் தேடித்தான் சூடாக்குகிறது. நிறமில்லாத முடி அதற்கு அகப்படாது. போதாக்குறைக்கு, தெற்காசியப் பெண்களின் முகத்திலும் கழுத்திலும் லேசருக்குப் பிறகு மெல்லிய முடி தடித்து வளர்வதும் உண்டு. இருக்கும் முடியைச் சீண்டி வளர்த்துக்கொண்ட கதையாகிவிடும். தடித்த முடிக்கு லேசர் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இடையில் சவரம் செய்யலாம், ஆனால் த்ரெட்டிங்கும் வேக்ஸிங்கும் கூடாது. லேசருக்கு வேர் உள்ளே இருந்தாக வேண்டும்.

‘வழித்தால் அடர்த்தியாக முளைக்கும்’ என்பது பாட்டி காலத்துப் பயம். முடி உருவாகும் இடம் தோலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. பிளேடு அங்கே போவதே இல்லை. சவரத்தால் முடி வளர்ச்சி மாறுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். பின் ஏன் முரடாகத் தெரிகிறது? இயற்கையாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருக்கும். விரலுக்கு அது தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் நம்மூர்ப் பெண்கள் பலருக்குக் காதோரக் கிருதா பூனை முடி அல்ல. பூனை முடிக்கும் தலைமுடிக்கும் இடைப்பட்ட ஜாதி. அதை வழித்தால் சில நாளில் கறுப்புப் புள்ளிகளாக எட்டிப்பார்க்கும். கன்னத்தை மட்டும் செய்துவிட்டுக் கிருதாவை விட்டுவிடுவது நல்லது. முதல் முறை செய்பவர்கள் காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் செய்துபார்த்து, ஒரு வாரம் பொறுத்து, பிறகு முகம் முழுக்கப் போகலாம்.

சொல்லாமல் மறைக்கும் கிரீம்

முகத்தில் சீழ் வைத்த பரு இருக்கும்போது பிளேடு பட்டால் பரு உடையும். கிருமி அடுத்த இடத்துக்குப் பரவும், தழும்பும் மிஞ்சும். கரும்புள்ளி மட்டும் இருந்தால் அவ்வளவு சிக்கல் இல்லை. மருவும் பாலுண்ணியும் இன்னும் மோசம். முகத்தில் வரும் தட்டை மரு தோல் நிறத்தில் சிறு பொரியாக இருப்பதால் கண்ணுக்குப் படாது. பிளேடு போன கோட்டிலேயே வரிசையாகப் புதிது முளைக்கும். உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள், படர்தாமரை, எக்சிமா, சொரியாசிஸ் உள்ளவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் எல்லோரும் முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பருவுக்காக ஐசோட்ரெடினாயின் எடுப்பவர்களும் அப்படியே. ஐசோட்ரெடினாயின் தோலை உலர்த்தி எளிதில் உரியவைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறவிடப்படுவது சிவப்பழகு கிரீம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் பூசும் ட்யூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. தோல் மெலிவதும், வெயிலில் போனால் முகம் எரிவதும், கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிவதும், இரண்டு நாள் நிறுத்தினால் பரு கொப்பளிப்பதும் அதன் வேலை. முகத்தில் முடி வளர்வதும் அதன் வேலைதான்! கிரீம் முடியை வளர்க்கிறது, அந்த முடியை எடுக்க அதே மெலிந்த தோலில் பிளேடு வைக்கிறோம். இந்த நிலையில் டெர்மாபிளேனிங் செய்யவே கூடாது. கிரீமையும் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். முடி வளரத் தலைக்கு மினாக்ஸிடில் மருந்து போடுபவர்களுக்கும் அது நெற்றிக்கும் கன்னத்துக்கும் வழிந்து முடி வளரலாம். படுக்கும் முன் நன்றாகக் காயவிட்டாலே பாதி சரியாகும்.

ரெட்டினால், ட்ரெடினாயின், கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் உள்ள சீரம், கிரீம், பேஸ்வாஷ் எதுவாக இருந்தாலும் ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். வேக்ஸிங் செய்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். வெயிலில் சுட்டுக் கறுத்த முகத்தோடும் உட்காரக்கூடாது.

வீட்டில் செய்யும்போது கை எங்கே தவறுகிறது

முதலில் ஒன்று: பாதுகாப்புப் பல் இல்லாத ஸ்கால்பெல் பிளேடை இணையத்தில் வாங்கி வீட்டில் முயலாதீர்கள். அது பயிற்சி பெற்ற கைக்கானது. வீட்டுக்கு, விளிம்பில் பாதுகாப்புப் பல் வைத்த புருவ ரேசர் போதும். அதில் செத்த செல் கொஞ்சம் குறைவாக வரும், அது நஷ்டமில்லை.

வெந்நீரில் குளித்து முகத்துக்கு ஆவி பிடித்துவிட்டு வழிப்பது தவறு. ஊறிய தோல் உப்பி மென்மையாகி, பிளேடுக்கு அதிகம் இடம்கொடுக்கும். மென்மையான பேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, பத்து நிமிடம் காயவிடுங்கள். பவுடரோ கிரீமோ இருக்கக்கூடாது. எண்ணெய் தடவினால் பிளேடு வழுக்கும், முடி கூழாக ஒட்டும், எங்கே வழித்தோம் என்பதும் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பூனை முடி வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். குளியலறை டியூப்லைட் நேராக விழுவதால் ஒன்றும் தெரியாது.

இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். பிளேடு பிடிக்காத கை தோலை இழுத்துத் தட்டையாக்குகிறது, அதுதான் முக்கியமான கை. தோல் தளர்ந்திருந்தால் பிளேடுக்கு முன்னால் மடிப்பு எழும், மடிப்புதான் வெட்டுப்படும். தாடையைச் செய்யும்போது தோலைக் கன்ன எலும்பின் பக்கம் மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும். மேலுதட்டுக்கு, உதட்டைப் பல்லுக்கு மேல் மடித்து இறுக்குங்கள். இழுப்பு ஒரு சென்டிமீட்டர் போதும், முடி படிந்திருக்கும் திசையில், அதாவது பெரும்பாலும் மேலிருந்து கீழ். எதிர்த்திசையில் போனால் இன்னும் மழமழவென்று வரும் என்ற ஆசையில்தான் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருகின்றன. அழுத்தம் பிளேடின் சொந்த எடை போதும். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் சுரண்டும், படுக்கவைத்தால் முடி வெட்டுப்படாமல் வழுக்கிப் போகும். காகிதம் உரசுவதுபோல் லேசாகச் சத்தம் கேட்டால் சரி.

ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் போகாதீர்கள். மறுநாள் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் ‘இன்னும் ஒரு தரம்’ என்பதுதான். கண்ணிமை, மூக்கு, உதட்டுச் சிவப்பு, மச்சம் இவற்றைத் தொடவே வேண்டாம். நெற்றியில் தலைமுடிக் கோட்டிலிருந்து அரை அங்குலம் விட்டு ஆரம்பியுங்கள். சின்ன முடிகளையும் வழித்துவிட்டால் வளரும்போது குத்திட்டு நிற்கும், அதை எண்ணெய் போட்டும் படியவைக்க முடியாது.

கீறிவிட்டால் சுத்தமான பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் வாசலின் தடவினால் போதும். படிகாரம் வேண்டாம். சலூனில் அப்பாக்களுக்கு அது பழகியிருக்கலாம், இங்கே அது தோலை மேலும் உலர்த்தும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே படிகாரக் கட்டி என்றால் கிருமியும் பொதுவாகிவிடும்.

பிளேடும் அப்படித்தான். அக்கா தங்கையானாலும் ரேசரைப் பகிரக்கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி போன்றவை கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்திலும் பரவும். பார்லரில் உறை பிரிக்காத பிளேடை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்த பிளேடைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு ரேசரை மூன்று முறைக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும், அப்போது கை தானாக அழுத்தத் தொடங்கும். வீசும்போது பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வீசுங்கள். குப்பை பிரிப்பவரின் கையையும் நினைக்க வேண்டும்.

முடிந்த பிறகு பூசும் மஞ்சள்

செய்து முடித்த முகம் பளபளவென்று இருக்கும். அந்த ஆசையில் கையில் கிடைத்ததை எல்லாம் பூசத் தோன்றும். மூடி திறந்த பாத்திரத்தில் எதைப் போட்டாலும் உள்ளே இறங்கும். நல்லதும் இறங்கும், எரிச்சல் தருவதும் இறங்கும். எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம், அதோடு வெயில் பட்டால் தோல் கறுக்கும். கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் முடி வளர்வதை நிறுத்தும் என்று நம்பி அன்றே பூசுவார்கள். முடி நிற்பதில்லை, கடுகடுப்புதான் மிச்சம். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலும் தோலை அரிக்கும். ப்ளீச், ஸ்க்ரப், வாசனை டோனர் எல்லாம் ஒரு வாரம் கழித்து. ரெட்டினாலும் அமில சீரங்களும் ஐந்து நாள் கழித்து, வைட்டமின் சி மூன்று நாள் கழித்து. அன்றே கிளைகாலிக் அமிலத்தால் தோலை உரிக்கும் பீலும் சேர்த்துச் செய்யும் ‘காம்போ’ சலுகையை மாநிறத் தோல்காரர்கள் தவிர்ப்பது நல்லது. பீல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், நம் தோலில் எரிச்சல் ஒவ்வொன்றும் கருந்திட்டாக மாறக் காத்திருக்கும்.

பூச வேண்டியது இரண்டுதான். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் (செராமைடு உள்ளது என்றால் இன்னும் நல்லது, யூரியா, லாக்டிக் அமிலம் உள்ளது எரியும்), பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பட்டாணி அளவு எடுத்தால் ட்யூபில் எழுதிய பாதுகாப்பு கிடைக்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குவது நல்லது. முதல் 24 மணி நேரம் ஜிம், நீச்சல், அடுப்படியில் நின்று வியர்ப்பது எதுவும் வேண்டாம். அன்று ஒரு நாள் வேறு யாராவது சமைக்கட்டும்.

கல்யாணப் பெண்ணுக்கு முந்தின நாள் முதன்முறையாகச் செய்வதைப் போன்ற விபரீதம் வேறில்லை. மறுநாள் நலங்கில் சந்தனமும் மஞ்சளும் கன்னத்தில் பூசுவார்கள், அதற்கு மேல் பல அடுக்கு மேக்கப் ஏறும். முதல் முறையை முகூர்த்தத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பு செய்து தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஒத்துக்கொண்டால், கடைசி முறையை நலங்குக்கு நான்கைந்து நாள் முன்பு வைத்துக்கொள்ளலாம். மேக்கப் உண்மையிலேயே சீராக உட்காரும். ஆனால் பருத் தழும்பின் குழியையோ மங்குத் திட்டையோ டெர்மாபிளேனிங் நீக்காது, துளைகளும் சுருங்காது.

முடி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பத் தெரியும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். அதனால் மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், இடையில் முடி தெரிந்தாலும். செய்த அன்று லேசான சிவப்பு சில மணி நேரம் இருப்பது வழக்கம்தான். இரண்டு நாளைத் தாண்டியும் சிவப்பு இறங்கவில்லை, சீழ்ப் பொரிகள் வருகின்றன, உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது என்றால், வீட்டில் கிடக்கும் பழைய ட்யூபை எடுத்துப் பூசாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அந்த ட்யூப் பெரும்பாலும் ஸ்டீராய்டாகவே இருக்கும்.